மோதிர விரலில் ஒரு சித்தாள்

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருக்கத்தான் இருந்தது. ஆனால் அந்தத் தெருவில் ரேகைக்காரம்மா என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். புதிதாகக் குடிவந்த ஒரு பெரியவர் அவளைக் கைரேகை பார்க்கிறவள் என்றே நினைத்துவிட்டார். வந்ததும் வராததுமாக உள்ளங்கையை நீட்டி, ஆயுசு எவ்வளவு என்று கேட்டார். "உங்க கணக்குல எவ்வளவு இருக்குன்னுதான் எனக்குத் தெரியும் பெரியவரே. ஆயுசெல்லாம் மேல இருக்கறவன் கணக்கு" என்று சொல்லிவிட்டு, அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்போதெல்லாம் நன்றாகச் சிரிப்பாள்.

அவள் ஒரு வங்கியின் முகவர். அதாவது, வங்கிக்குள் கால் வைக்கப் பயப்படுகிறவர்களுக்காக வங்கி தெருவுக்கு அனுப்பி வைத்த ஆள். தையல்கடைக்கும் சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்கும் நடுவே, ஒரு ஆள் கையை விரித்தால் இரண்டு சுவரும் தொடும் அளவுக்கு ஒரு அறை. முன்னால் இரும்பு ஷட்டர். உள்ளே ஒரு மேசை, நாற்காலி, சீட்டு அச்சடிக்கும் சின்ன இயந்திரம், சோப்பு டப்பா அளவில் ரேகை மெஷின். பணம் போட வருகிறவர்கள் கணக்கு எண்ணைச் சொன்னால் போதும். எடுக்க வருகிறவர்கள் விரலை அந்த மெஷினின் கண்ணாடியில் வைக்கவேண்டும். ரேகை சரியாக இருந்தால் உள்ளிருந்து ஒரு பெண் குரல் "நன்றி" என்று சொல்லும். சரியில்லை என்றால் அதே குரல், அதே மரியாதையோடு, "மீண்டும் முயலவும்" என்று சொல்லும்.

அதற்கு முன்பு ஒன்பது வருடம் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சட்டைக் காலர் தைத்தவள் அவள். வங்கிக் கிளையின் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்று, காவலாளி "என்ன வேணும்?" என்று கேட்டதும் "ஒண்ணுமில்லங்க" என்று சொல்லித் திரும்பி வந்த அனுபவம் அவளுக்கே உண்டு. அதனால் இந்த வேலையை அவள் வெறும் சம்பளத்துக்காகச் செய்தாள் என்று யாரும் சொல்ல முடியாது. தலையணைக்குள் தைத்து வைத்த காசு, மாவு டப்பாவில் புதைத்த காசு, முதலாளியிடமே 'இருக்கட்டும்' என்று விட்டுவைத்த காசு என்று ஒவ்வொன்றாக வெளியே வரவழைத்தாள். வெயிலில் வீடு வீடாக நடந்தாள். கையெழுத்துப் போடத் தெரியாது என்று கூனிக்குறுகி நின்றவர்களிடம், "கையெழுத்தை யாரும் கள்ளத்தனமா போட்டுடலாம். உங்க விரலை யாரால போட முடியும்?" என்று கேட்டுத் தைரியம் சொன்னாள். நல்ல பேச்சு. பின்னாளில் அந்தப் பேச்சு நினைவுக்கு வரும்போதெல்லாம் அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கும்.

அப்படி வந்தவர்களில் ஒருத்திதான் சித்தாள் அக்கா. கட்டட வேலையில் சாந்துச் சட்டி சுமக்கிறவள். ரேகைக்காரம்மாவைவிட ஏழெட்டு வயது மூத்தவள். கட்டடம் எழும்புகிற இடத்திலேயே தகரக் கொட்டகை போட்டுக் கணவனும் மகளுமாகக் குடியிருப்பார்கள். கட்டடம் முடிந்தால் கொட்டகையும் போகும், அடுத்த கட்டடத்துக்கு மூட்டை கட்டவேண்டும். நாலு வருடக் கூலியில் மிச்சம் பிடித்ததையெல்லாம் ஒரு மேஸ்திரியிடம் கொடுத்து வைத்திருந்தாள். மேஸ்திரி ஒருநாள் வேறு ஊரில் வேலை என்று போனார். போனவர் போனவர்தான்.

கணக்கு தொடங்க வந்த அன்று அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "ஆள்கிட்ட குடுத்து ஏமாந்துட்டேன் தங்கச்சி. அதான் மெஷின்கிட்ட குடுக்கலாம்னு வந்தேன். என் விரல் இல்லாம வேற யாரும் எடுக்க முடியாதுல்ல?"

"யாராலயும் முடியாதுக்கா. நானே நினைச்சாலும் முடியாது."

அந்த நிமிடத்தில் அது உண்மை. அரை மணிநேரம் கழித்துத்தான் பொய்யாயிற்று.

அது மாதக் கடைசி. வங்கியில் அந்த வருடம் ஒரு திட்டம் போட்டிருந்தார்கள். ஒரு தெருவில் வயது வந்த எல்லோருக்கும் கணக்கு இருந்தால், தெருமுனையில் பலகை வைப்பார்கள். முகவருக்கு மேடையில் கேடயம் கொடுப்பார்கள். அதைவிட முக்கியம், வாடகை அறையின் செலவை வங்கியே ஏற்றுக்கொள்ளும். தெருவில் மீதி பத்தே பேர். பத்துப் பேருக்கும் ஒரே வியாதி, ரேகை விழவில்லை. ஒருவர் கல் உடைக்கிறவர். ஒருத்தி சாப்பாட்டுக் கடையில் காலையிலிருந்து மாலைவரை பாத்திரம் தேய்க்கிறவள். இரண்டு பேருக்கு வயதாகித் தோல் சுருங்கியிருந்தது. மீன் வெட்டுகிறவருக்கு விரல் நுனியெல்லாம் கத்திக் கோடு. சித்தாள் அக்காவின் கையைச் சிமெண்ட் தின்றிருந்தது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் என்று மூன்றை வைத்துப் பார்த்தாள். மெஷின் மூன்று தடவையும் மீண்டும் முயலச் சொன்னது.

"நீங்க போங்கக்கா, நான் பார்த்துக்கறேன்" என்று அனுப்பிவிட்டாள்.

இதற்கு நேர்வழி இல்லாமல் இல்லை. ரேகை விழாதவர்களுக்கென்று தனிப் படிவம் உண்டு. இரண்டு புகைப்படம் ஒட்டவேண்டும், கிளையிலிருந்து ஒரு அதிகாரி நேரில் வந்து பார்க்கவேண்டும், நாற்பது நாள் ஆகும். நாற்பது நாள் என்றால் அந்த மாதக் கணக்கில் சேராது. பலகை போச்சு, கேடயம் போச்சு, அறை வாடகையும் போச்சு. வட்டார அதிகாரி ஐந்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். மணி நாலு.

அவள் பாதி ஷட்டரை இறக்கினாள். மேசையில் பத்துப் படிவம். கண்ணாடியில் எந்த விரலை வைத்தாலும் மெஷினுக்கு ஒன்றுதான். ஏற்கெனவே பதிவான விரலாக மட்டும் இருக்கக்கூடாது. அவளுடைய வலது கட்டைவிரல் ஏற்கெனவே பதிவானது. காலையில் மெஷினைத் திறப்பதே அதை வைத்துத்தான். மீதி ஒன்பது விரல் சும்மா இருந்தது. முதலில் வலது ஆள்காட்டி விரலைப் பாத்திரம் தேய்க்கிறவளின் பெயரில் வைத்தாள். "நன்றி" என்றது குரல். அப்புறம் நடுவிரல். வலது மோதிர விரல் சித்தாள் அக்கா. இப்படியே இடது சுண்டுவிரல் வரை போய்விட்டாள். அடுத்த படிவத்தை எடுத்தபோதுதான் விரல் தீர்ந்துவிட்டது தெரிந்தது. அது மீன் வெட்டுகிறவருடையது. வேறு வழியில்லாமல் அவரை மட்டும் நேர்வழியில் அனுப்பினாள். ஒருவர்தானே, நடப்பில் இருக்கிறது என்று எழுதிக்கொள்கிறேன் என்று வட்டார அதிகாரியும் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார்.

நாற்பது நாளில் மீன் வெட்டுகிறவருக்குப் புகைப்படம் ஒட்டிய புத்தகம் வந்தது. எந்தக் கிளைக்கும் தலை நிமிர்ந்து போய்ப் பணம் எடுத்துக்கொண்டார். அந்தப் பத்துப் பேரில் தன் பணத்துக்குத் தானே சொந்தக்காரராக இருந்தவர் அவர் ஒருவர்தான். அவள் கையில் விரல் பற்றாமல் போனது அவருடைய அதிர்ஷ்டம்.

பலகை வந்தது. 'இத்தெருவில் அனைவருக்கும் வங்கிக் கணக்கு உண்டு' என்று நீல நிறத்தில் வெள்ளை எழுத்து. கேடயமும் வந்தது. ரேகைக்காரம்மாவின் மகள் அதைத் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து, வருகிறவர் போகிறவர்களிடமெல்லாம் காட்டினாள்.

விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவள் கணவன். வண்டிகளுக்கு இருக்கை உறை தைக்கிறவன், எதையும் விளையாட்டாக எடுத்துக்கொள்கிற ஆள். "ஏம்மா, பார்த்து வெங்காயம் நறுக்கு. கல் உடைக்கிறவருக்கு ஒண்ணு ஆயிடப் போவுது" என்பான். சூடான பாத்திரத்தைத் தொட்டு அவள் கையை உதறினால், "யாரு அது, பாட்டியா? பாவம், வயசானவங்க" என்பான். அவளும் சிரித்துக்கொண்டே அவன் முதுகில் ஒரு போடு போடுவாள். ஒரு பைசா தொட்டதில்லையே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்வாள். அது நிஜம்தான், தொட்டதில்லை. ஒன்பது பேரில் ஒருவர் பணம் எடுக்க வந்தால் முதலில் அவர்களையே விரலை வைக்கச் சொல்வாள். மெஷின் மறுக்கும். "இருங்க, கண்ணாடியைத் துடைக்கறேன்" என்று மேசைக்கு அடியில் கொண்டுபோய்த் தன் விரலை வைப்பாள். "நன்றி" கேட்கும். "பார்த்தீங்களா, லேட்டா எடுத்துக்கிச்சு" என்பாள். மூன்று வருடம் இப்படியே பூசி மெழுகி ஓடியது.

பொய் சொல்லத் தொடங்கினால் அதற்கு அலங்காரமும் செய்யத் தோன்றும் போலிருக்கிறது. முதல் தடவை சித்தாள் அக்கா பணம் எடுக்க வந்தபோது, "எனக்கு மட்டும் ஏன் தங்கச்சி இவ்வளவு நேரம் ஆவுது?" என்று கேட்டாள். வாயில் வந்ததை இவள் சொன்னாள். "சிமெண்ட்ல கை வைக்கறீங்கல்ல, அதான். ரெண்டு நாள் கை வைக்காம இருந்தா நல்லா விழும்."

சொன்னதை அன்றைக்கே மறந்தும் போனாள். கேட்டவள் மறக்கவில்லை.

மூன்றாம் வருடக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு மூடும்போது ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டது. கோபத்தில் வெடுக்கென்று இழுத்தாள். மேல் தகட்டுக்கும் கீழ்த் தகட்டுக்கும் நடுவில் வலது மோதிர விரல் மாட்டியது. எடுத்துப் பார்த்தால் நுனித்தோல் வெள்ளரித் தோல் சீவினது போல உரிந்து தொங்கியது. சைக்கிள் கடைக்காரர்தான் மருந்துக்கடைக்குக் கூட்டிப்போய்க் கட்டுப் போட்டு வந்தார். சாயங்காலம் கணவன் கட்டைப் பார்த்துவிட்டு, "அடடா, சித்தாளுக்கு அடிபட்டிருச்சா?" என்றான். வலி உயிர் போனது. அப்படியும் சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. அதுதான் கடைசிச் சிரிப்பு.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சித்தாள் அக்கா வந்து நின்றாள். குளித்து, துவைத்த துணி உடுத்தி, தோளில் புதுத் துண்டு போட்டிருந்தாள். முகம் முழுக்கச் சந்தோஷம்.

"தங்கச்சி, வீடு பார்த்துட்டேன்! ஒரே ரூம்தான். ஆனா கதவு இருக்கு, உள்ளேயே குழாய் இருக்கு. கட்டடம் முடிஞ்சிருச்சு, நாளைக்குக் கொட்டகையைப் பிரிக்கறாங்க. இனிமே கொட்டகையே வேணாம்னு எம்பொண்ணு ஒரே பிடிவாதம். வீட்டுக்காரம்மா ரெண்டு மணி வரைக்கும் பொறுத்துக்கறேன்னு சொல்லியிருக்காங்க. அதுக்குள்ள முன்பணம் குடுக்கலைன்னா அடுத்த ஆளுக்கு விட்டுருவாங்க. மொத்தத்தையும் எடுத்துக் குடும்மா."

ரேகைக்காரம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. மேசைக்கு அடியில் கட்டுப் போட்ட விரல் விண்விண்ணென்று தெறித்தது.

அக்கா விரலை வைத்தாள். மீண்டும் முயலவும். மெஷினைத் துடைக்க எடுத்த ரேகைக்காரம்மா, மேசைக்கு அடியில் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டைப் பிரித்தாள். ஈரமும் ரத்தமுமாக இருந்த நுனியைக் கண்ணாடியில் வைத்தாள். மீண்டும் முயலவும். கண்ணாடியில் சிவப்பாக ஒரு தீற்றல். துடைத்து மறுபடி வைத்தாள். மீண்டும் முயலவும். அந்தக் குரலுக்குக் கோபம் என்பதே வராது.

"சர்வர் வேலை செய்யலக்கா" என்றாள். எதற்கும் பொருந்துகிற பொய் அது. "திங்கட்கிழமை வாங்களேன்."

"திங்கட்கிழமை வீடு இருக்காதே." அக்காவின் சந்தோஷம் வடிந்துபோனது. ஆனால் அவள் இவளைக் கோபித்துக்கொள்ளவில்லை. தன் கையைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "உன் மேல தப்பு இல்ல. என் கை பாழாப்போன கை. ரெண்டு நாளா வேலைக்கே போகல தெரியுமா? சிமெண்டைத் தொடவே இல்ல. எப்பவும் பணம் எடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு நாள் லீவு போட்டுடுவேன், நீ சொன்ன மாதிரியே. அப்படியும் விழல பாரு."

ரேகைக்காரம்மாவுக்கு முதலில் புரியவில்லை. தான் சொன்ன பொய் அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

"எப்பவுமா லீவு போட்டீங்க?"

"ஆமா. இப்ப இருக்கற மேஸ்திரி திட்டுவாரு. திட்டினா திட்டிட்டுப் போறாரு, காசு நம்மளுதாச்சே."

மூன்று வருடத்தில் அவள் பணம் எடுத்தது ஐந்து தடவை. ரேகைக்காரம்மாவுக்குக் கணக்குப் போடக் காகிதம் தேவைப்படவில்லை.

அக்கா வெளியே போனாள். போய்விட்டாள் என்று நினைத்தால், எதிரே டீக்கடையில் ஒரு குவளை வெந்நீர் வாங்கிக்கொண்டு கடை ஓரத்துக் கல்லில் உட்கார்ந்தாள். வலது கை விரல்களை வெந்நீரில் முக்கி, எடுத்து, துண்டின் முனையால் ஒவ்வொன்றாகத் துடைத்தாள். ஒரு பாவமும் அறியாத கை. அதைக் குழந்தையைக் குளிப்பாட்டுவது போலக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். நடுநடுவே இந்தப் பக்கம் பார்த்து, சர்வர் வந்துவிட்டதா என்று சைகையில் கேட்டாள். இன்னும் இல்லை என்று இவளும் தலையாட்டினாள். தலையாட்டிய அடுத்த நொடி தன் மேல் அப்படியொரு அருவருப்பு வந்தது. சொந்தக் கணக்கில் இருப்பதையெல்லாம் துடைத்து எடுத்தாலும் முன்பணத்தில் பாதி தேறாது. கணவனிடமும் கிடையாது. இன்னொரு பொய்க்கு இடமே இல்லை என்பது ஒருபுறம். இடம் இருந்திருந்தால் இன்னொன்றும் சொல்லியிருப்போம் என்பதும் அவளுக்கு அப்போதே தெரிந்தது. அதுதான் அவளை அதிகமாகக் கூசவைத்தது.

மெஷினை ஒயரோடு பிடுங்கிப் பையில் போட்டாள். ஷட்டரை இடது கையால் இறக்கினாள்.

"வாங்கக்கா, கிளைக்குப் போவோம்."

பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அக்கா இரண்டு கையையும் மடியில் மல்லாத்தி வைத்திருந்தாள், எதிலும் படக்கூடாது என்று. பஸ் குலுங்கியபோதுகூடக் கம்பியைப் பிடிக்கவில்லை. சொல்லிவிடலாம் என்று ரேகைக்காரம்மா இரண்டு தடவை வாயைத் திறந்தாள். "என்ன தங்கச்சி?" என்று அக்கா திரும்பினாள். "ஒண்ணுமில்லக்கா" என்றாள். வங்கிக் கதவுக்கு முன்னால் ஒரு காலத்தில் சொன்ன அதே பதில்.

கிளையில் சனிக்கிழமைக் கூட்டம். மேலாளர் அறைக்குக் கதவு இருந்தும் சாத்துகிற பழக்கம் இல்லை. மேலாளர் ஐம்பதை நெருங்குகிற அம்மாள், கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டுக்கொண்டு ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். கேடயம் கொடுத்ததும் அவர் கையால்தான்.

"அடேடே, வாங்கம்மா. என்ன விரல்ல கட்டு?"

உட்காரச் சொன்னார். ரேகைக்காரம்மா உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். வெளியே இருந்த இரைச்சலில் சத்தமாகப் பேசவேண்டியிருந்தது. வெளியே வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தியது அவள் காதில் விழுந்தது.

"இவங்க கணக்குல இருக்கறது இவங்க ரேகை இல்ல மேடம். என்னோடது. இந்த விரல். இன்னும் எட்டுப் பேருக்கும் என் விரல்தான். பலகைக்காகப் பண்ணினேன்."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார். "பணம் எடுத்தீங்களா?"

"ஐயோ, ஒரு பைசா தொட்டதில்ல மேடம்!" என்று கோபமாக வந்துவிட்டது பதில். அந்தக் கோபத்துக்குத் தனக்கு என்ன யோக்கியதை என்று அப்புறம்தான் உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டாள். மேலாளர் கணினியில் ஒன்பது கணக்கையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. அதற்காக யாரும் அவளைப் பாராட்டவில்லை.

சித்தாள் அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். என்ன நடக்கிறது என்று அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை.

"அப்போ இவங்க விரலை வச்சுப் பார்க்கவே இல்லையா?" என்றார் மேலாளர்.

"பார்த்தேன் மேடம். விழல."

"எந்தெந்த விரல்?"

"கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல்."

"மீதி ஏழு?"

ரேகைக்காரம்மா தன் விரல்களைப் பார்த்தாள். மீதி ஏழு. அன்றைக்கு மணி நாலை நெருங்கியிருந்தது, அதிகாரி வருகிற நேரம். மூன்று விரலில் சலித்துப்போய்விட்டது அவளுக்கு. தன் கையில் ஒன்பது விரலைத் தேடிக் கண்டுபிடித்தவளுக்கு, எதிரே இருந்தவளின் கையில் நாலாவது விரலைத் தேடத் தோன்றவில்லை.

மேலாளர் எழுந்து வந்தார். பையிலிருந்த மெஷினைத் தன் மேசையில் வைத்து ஒயரைச் செருகினார். ஈரத் துணியால் அக்காவின் இடது கையை மெதுவாகத் துடைத்தார். "சட்டி தூக்கறப்போ இந்தச் சுண்டுவிரல் சாந்துல படுமாம்மா?"

"படாதுங்க. அது வெளியத்தான் நிக்கும்" என்று அக்கா கையைக் குவித்துக் காட்டினாள்.

புதிதாகப் பதிய அந்தச் சுண்டுவிரலை வைத்தார்கள். ஒரே தடவை.

"நன்றி" என்றது குரல்.

அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. "விழுந்திருச்சு!" என்றாள், யாரோ பரிசு கொடுத்தது போல. அந்த விரலைத் தூக்கி வரிசையில் நின்றவர்களுக்குக்கூடக் காட்டினாள். மேலாளர் பழைய ரேகையை அழித்து, புதியதை ஏற்றி, அக்காவிடம் இரண்டு தாளில் கைநாட்டு வாங்கினார். பணம் வந்தபோது மணி ஒன்று ஆகப்போகிறது. அக்கா எண்ணிப் பார்த்து, துண்டில் முடிந்து, இடுப்பில் செருகிக்கொண்டாள். வாசல் வரை போனவள் நின்றாள். எல்லாம் அப்போதுதான் அவளுக்குள் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கவேண்டும். திரும்பி வந்தாள்.

"அப்போ நான் லீவு போட்டதெல்லாம்?"

கோபமாகக் கேட்கவில்லை. கடையில் மீதிச் சில்லறை வரவில்லையே என்று கேட்கிறவள் போலக் கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் காலில் விழுந்திருக்கலாம். இந்தக் கேள்விக்கு எந்தப் பக்கம் விழுவது?

"என் தப்புக்கா" என்றாள் ரேகைக்காரம்மா. "நான் சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னேன்."

அக்கா இடுப்பு முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "மெஷின்னு நினைச்சுல்ல குடுத்தேன்" என்றாள். அவ்வளவுதான். இரண்டு மணிக்குள் போகவேண்டுமே, போய்விட்டாள்.

வங்கி அவள் மேல் வழக்குப் போடவில்லை, பணம் குறையாததால். முகவர் வேலையை மட்டும் பறித்தது. அதற்கு முன்பு, மேலாளர் அனுப்பிய அதிகாரியோடு மீதி எட்டு வீட்டுக்கும் அவளே போய், அவள் வாயாலேயே சொல்லவேண்டும் என்று உத்தரவு. போனாள். எட்டில் ஆறு பேருக்கு ஏதோ ஒரு விரல் விழத்தான் செய்தது. இரண்டு பேருக்குப் படிவம் எழுதினார்கள். கல் உடைக்கிறவர் தெருவே கேட்கும்படி அவளை நாறடித்துவிட்டார். அந்த ஒரு வீட்டிலிருந்து வெளியே வரும்போதுதான் அவளுக்கு மூச்சு சரியாக வந்தது. மற்றவர்கள், "பரவாயில்லம்மா, உன்னால எங்களுக்கு நல்லதுதானே நடந்துச்சு" என்று தண்ணீர் கொடுத்து அனுப்பினார்கள். அந்தத் தண்ணீர் தொண்டையில் இறங்குவதற்குள் படாதபாடு பட்டாள்.

கணவன் இப்போது விரலைப் பற்றிப் பேசுவதில்லை. வெங்காயத்தை அவனே நறுக்கிவிடுகிறான். கேடயத்தை மகள் ஒருநாள் எடுத்துப் பரணில் போட்டுவிட்டாள். தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் தூசி படியாத ஒரு வட்டம் மட்டும் சில நாள் இருந்தது.

பழைய தொழிற்சாலையிலேயே மறுபடி காலர் தைக்கப் போகிறாள். பஸ் நிறுத்தம் தெருமுனையில்தான், பலகைக்கு நேர் கீழே. அதனால் பின்சந்தைச் சுற்றி, அடுத்த நிறுத்தத்தில் போய் ஏறுவாள். பத்து நிமிட நடை அதிகம். ஒருநாள் நேரமாகிவிட்டதால் முன்வழியாகவே ஓடினாள். பலகைக்குக் கீழே, கையில் சாப்பாட்டுத் தூக்கோடு சித்தாள் அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

திரும்பிப் போகவும் முடியாது. அக்கா பார்த்துவிட்டாள்.

"தங்கச்சி! எங்க உன்னைக் காணவே முடியல? வீட்டுக்கு வாயேன் ஒருநாள். தண்ணி நல்லா வருது. எம்பொண்ணு உள்ள போனா கதவைச் சாத்திக்கிட்டு வெளியவே வர்றதில்ல." சிரித்தாள். பிறகு ரகசியம் சொல்வது போலக் குரலைத் தாழ்த்தினாள். "இப்பல்லாம் நான் லீவே போடறதில்ல. நேரா வேலையிலிருந்து போவேன், சுண்டுவிரலை வைப்பேன், வாங்கிட்டு வந்துடுவேன்."

ரேகைக்காரம்மா பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள்.

"விரல் ஆறிடுச்சா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் அக்காவே அவள் வலது கையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். மோதிர விரல் நுனியில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் வளர்ந்திருந்தது. சிமெண்ட் தின்ற தன் கட்டைவிரலால் அதைத் தடவிப் பார்த்தாள்.

"கோடெல்லாம் அப்படியே திரும்ப வந்திருச்சே. நல்ல வேளை" என்று மனசாரச் சொன்னாள்.

ரேகைக்காரம்மா கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். அக்கா விடவில்லை, பஸ் வரும் வரை பிடித்துக்கொண்டே நின்றாள்.